வந்த தேதி, போன தேதி: வெளிநாட்டு விருந்தினருக்கான குடிநுழைவுப் பதிவு, ஓர் எளிய விளக்கம்

தைப்பூசம், பள்ளி விடுமுறை, கல்யாணம் என்று வந்துவிட்டால் பினாங்கில் பல வீடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி முடித்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வரும்: "ஏதோ எம்டாக்குன்னு சொல்றாங்களே, அது விசாவா? அது இல்லாம வர முடியாதா?" அது விசா இல்லை. ஆனால் அது இல்லாமல் வரவும் கூடாது. அது என்ன, அதற்கப்புறம் கவுண்டரில் என்ன நடக்கிறது, திரும்பிப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முதல்முறை வருபவர்களுக்கும், அவர்களை வரவேற்கக் காத்திருக்கும் நம் வீட்டினருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

அடிப்படை சின்ன விஷயம்தான். வெளிநாட்டவர் ஒருவர் நாட்டுக்குள் நுழையும்போது குடிநுழைவுத் துறை (இமிகிரேஷன்) ஒரு பதிவு போடுகிறது: யார், எந்தக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), எந்த வாசல் வழியாக, எந்தத் தேதியில், என்ன அனுமதியில், எத்தனை நாளுக்கு. அவர் வெளியேறும்போது இன்னொரு பதிவு. இரண்டும் பொருந்தினால் கணக்கு முடிந்தது. பள்ளி விடுதி வாசலில் காவலாளி வைத்திருக்கும் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தவன் வெளியே போகும்போது கையெழுத்துப் போடவில்லை என்றால், நோட்டைப் பொறுத்தவரை அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்து அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

குழப்பமெல்லாம் மூன்று விஷயங்களை ஒன்றாக நினைப்பதால் வருகிறது. விசா என்பது நாட்டின் வாசல்வரை வர முன்கூட்டியே கிடைக்கும் அனுமதி. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரையிலான பயணத்துக்கு மலேசியா இதைத் தள்ளுபடி செய்திருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய பயணமாக இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்டாக் என்பது மலேசிய மின்னியல் வருகை அட்டை. வருகிறேன் என்று நீங்கள் கொடுக்கும் தகவல் அது, அவ்வளவுதான். மூன்றாவதாக வருவது பாஸ். கவுண்டரில் அதிகாரி தருவது. சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் வருபவர்களுக்குக் கிடைப்பது சமூக வருகை பாஸ். இந்த நாட்டில் இத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது இந்தப் பாஸ் மட்டுமே. விசா தேவையில்லை என்பதால் பாஸ் தானாகக் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. எம்டாக் போட்டாச்சு என்பதற்காகவும் இல்லை.

முன்பெல்லாம் விமானத்தில் பணிப்பெண் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுப்பார். பேனா தேடி, பக்கத்து இருக்கைக்காரரிடம் கடன் வாங்கி, மடிமேல் வைத்து எழுதுவோம். 2011இல் வெளிநாட்டவரின் விரல் ரேகையைக் கவுண்டரிலேயே எடுக்கத் தொடங்கினார்கள். அந்த அட்டையும் பிறகு போய்விட்டது. அதன் வேலையை இணையத்துக்குக் கொண்டுவந்ததுதான் எம்டாக். 2024 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்கள், மலேசிய நிரந்தரவாசிகள், இங்கே வேலை அல்லது படிப்புக்கான நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. மலேசியர்களான நமக்கு எம்டாக்கே கிடையாது. நாம் வெளிநாட்டவர் இல்லையே.

இந்தப் படிவத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதலில், இது முற்றிலும் இலவசம். குடிநுழைவுத் துறையின் சொந்த இணையப் பக்கத்தில்தான் நிரப்ப வேண்டும். முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடுபொறியில் தட்டினால் அரசுப் பக்கம் மாதிரியே தோற்றம் கொண்ட தனியார் பக்கங்கள் மேலே வந்து நிற்கும். "சேவைக் கட்டணம்" என்று பணம் கேட்பார்கள். கடன் அட்டை எண்ணைக் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் உடனே மூடிவிடுங்கள். ஓய்வூதியத்தில் பயணம் வரும் பெரியவர்களிடம் இப்படிப் பணம் பறிப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவது, நேரம். வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். ரொம்ப முன்னாடியே முடித்துவிடலாம் என்றால் முடியாது. டிக்கெட் எடுத்த அன்றைக்கே இதையும் முடித்து நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் பிறகு மறந்தேவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, தேதி. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் பல விமானங்கள் இரவில் கிளம்புகின்றன. 10ஆம் தேதி இரவு 11.30க்கு ஏறி, சுமார் 4 மணி நேரம் பறந்தால், இந்திய நேரப்படி அதிகாலை 3.30. மலேசிய நேரம் அதைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுவதால் இங்கே காலை 6 மணி. தேதி 11. படிவம் கேட்பது வந்து சேரும் தேதி. டிக்கெட்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் 10ஐப் பார்த்து அப்படியே போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த எத்தனையோ கடப்பிதழ்களில் குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். சிலவற்றில் அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். விமான டிக்கெட்டிலோ பெயர் வேறு வரிசையில் வந்திருக்கும். எம்டாக்கில் பெயருக்கு ஒரே கட்டம்தான் என்பது ஒரு வசதி. கடப்பிதழில் உள்ள முழுப்பெயரை, அதே எழுத்துக்கூட்டலில் அப்படியே போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், புள்ளி வைத்த தலைப்பெழுத்து எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் படம் இருக்கும் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். கவுண்டரில் கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். அங்கே பெயர் எப்படி இருக்கிறதோ அதுதான் கணினிக்கு நீங்கள்.

கடப்பிதழ் எண்ணிலும் ஒரு சிறு சங்கதி உண்டு. இந்தியக் கடப்பிதழில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு 7 இலக்கங்கள். ஆக, முதல் எழுத்தைத் தவிர மீதியில் வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், 'ஓ' என்ற எழுத்து அல்ல. இந்த ஒரு இடம் தப்பினால் உங்கள் பதிவு வேறு ஏதோ எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். கவுண்டரில் தேடினால் கிடைக்காது.

தங்குமிடம் என்ற இடத்தில் மலேசிய முகவரி வேண்டும். சொந்தக்காரர் வீடு என்றால் வீடு என்றே தேர்ந்தெடுத்து, கதவு எண், தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர், ஊர், மாநிலம் எல்லாம் போடுங்கள். அஞ்சல் குறியீடு இங்கே 5 இலக்கம். பாயான் லெப்பாசுக்கு 11900, இப்படி. ஊர்ப் பழக்கத்தில் 6 இலக்கத்தைத் தட்டினால் அது இந்தியாவின் பின்கோடு. வரவேற்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முகவரியை ஆங்கில எழுத்தில் தெளிவாகத் தட்டி முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். "பட்டர்வொர்த்ல கோயில் பக்கம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்து கவுண்டரில் திணறுகிற பெரியவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக ஏறிய இடம் என்பது மலேசியாவைத் தொடுவதற்கு முந்தைய இடம். திருச்சியில் கிளம்பி, சிங்கப்பூரில் விமானம் மாறி, பினாங்கில் இறங்குகிறீர்கள் என்றால் அங்கே சிங்கப்பூர் என்று போட வேண்டும். விமான எண்ணும் அந்தக் கடைசி விமானத்தினுடையது. புறப்படும் தேதியையும் கேட்பார்கள். அது உங்கள் திட்டம் மட்டுமே. பிறகு திரும்பும் டிக்கெட்டை மாற்ற நேர்ந்தால் பாஸ் தந்த நாளுக்குள் இருக்கும்வரை அதனால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு கடப்பிதழுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும். எல்லாம் முடிந்ததும் மின்னஞ்சலில் உறுதிச்செய்தி வரும். அதை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வைஃபையை நம்பி இருக்க வேண்டாம்.

இனி கவுண்டர். செப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவாக இருந்தாலும் சரி, பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாசாக இருந்தாலும் சரி, நடப்பது ஒன்றுதான். கடப்பிதழைக் கருவியில் வைப்பார்கள், விரல் ரேகை எடுப்பார்கள், இரண்டொரு கேள்வி கேட்பார்கள்: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லலாம். கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலா என்று சொல்லி வேலைக்கு வருபவர்களைத் தடுப்பதற்காகக் கேள்விகள் சில சமயம் கடுமையாகவே இருக்கும். பதில் திருப்தி தராவிட்டால் என்டிஎல் என்று சொல்லப்படும் நுழைவு மறுப்பு அறிவிப்பைக் கொடுத்து அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். அதனால் முதல்முறை வரும் பெரியவர்கள் கையில் வீட்டுக்காரரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில் எழுதி இருக்கட்டும். கைப்பேசி அணைந்துபோனாலும் தாள் அணையாது.

எல்லாம் முடிந்ததும் முத்திரை. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நுழைந்த இடம், தேதி, எத்தனை நாள் என்ற எண்ணிக்கை, "காட்டப்பட்ட தேதியிலிருந்து" இத்தனை நாள் இருக்கலாம் என்ற வாசகம். எங்கள் சித்தப்பா முதல்முறை வந்தபோது தொலைபேசியில் நான் சொன்னது இதைத்தான்: "சித்தப்பா, கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்துடுங்க. தேதி சரியா, நாள் சரியான்னு. ஏதாவது சரியில்லன்னா அங்கேயே கேளுங்க, அவரே திருத்திக் குடுத்துடுவாரு." ஐந்தடி தள்ளிப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அதே திருத்தத்துக்குக் குடிநுழைவு அலுவலகத்தில் எண் எடுத்துக் காத்திருக்க வேண்டும்.

நாள் எண்ணுவதில் ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 30 நாள் என்றதும் நம் மனம் ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்ளும். ஜனவரி 5 வந்தால் பிப்ரவரி 5 போகலாம் என்று கணக்குப் போடும். வந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணிப் பாருங்கள்: 30ஆவது நாள் பிப்ரவரி 3. பிப்ரவரி 5க்கு டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டு நாள் அதிகமாகிவிட்டது. வந்த நாளையும் சேர்த்தே எண்ணுங்கள், அதிலும் இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்துத் திரும்பும் டிக்கெட் எடுங்கள். காய்ச்சல் வரலாம், விமானம் ரத்தாகலாம். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அனுமதி முடிந்தும் தங்குவது குற்றம். நீதிமன்றம் போனால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேண்டுமென்றே செய்யவில்லை, எண்ணத் தெரியவில்லை என்பது அங்கே எடுபடாது. உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் படுத்துவிட்டால், நாள் முடிவதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு குடிநுழைவு அலுவலகம் போய் விவரம் சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு போவதற்கும் முன்பே போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முத்திரையே இல்லாமலும் போகலாம். சில நாட்டவர்களுக்குத் தானியங்கி வாயில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கதவு திறக்கும், நீங்கள் போய்விடுவீர்கள், கடப்பிதழில் ஒரு அடையாளமும் இருக்காது. பதிவு கணினியில் இருக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் தேதியை நீங்களே குறித்துவைக்க வேண்டும். விமான அனுமதிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த நாளில் வந்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் உள்ள சாட்சி அது ஒன்றுதான்.

உண்மையில் முத்திரையும் பதிவும் ஒன்றல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் அருமையான பழைய உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயா ரயில் ஓடிய காலம். 1998இல் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசிய அதிகாரிகளோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். அதனால் பயணி சிங்கப்பூரை விட்டு வெளியேறுவதற்கு முன்பே மலேசியாவுக்குள் "நுழைந்து" முடித்துவிடுவார்! இன்னும் வெளியேறாத ஆளுக்குக் கடப்பிதழில் நுழைவு முத்திரை குத்த முடியாது என்பதால் வருகை அட்டையில்தான் குத்திக் கொடுத்தார்கள். அந்தத் துண்டு அட்டையைத் தொலைத்தவர் நாட்டை விட்டுப் போகும்போது, எப்படி வந்தேன் என்று விளக்க வேண்டியிருந்தது. 2011 ஜூலையோடு ரயில் உட்லண்ட்ஸில் நின்றுவிட, இந்த விசித்திரமும் முடிந்தது.

புறப்பாட்டுப் பதிவில் விமானப் பயணிகளுக்கு அதிகம் தப்பாது. கவுண்டரைத் தாண்டாமல் விமானம் ஏற வழியே இல்லை. தரைவழியில்தான் கவனம் தேவை. தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமில் வேனிலோ பேருந்திலோ போகும்போது இறங்கி, வரிசையில் நின்று, மலேசியாவை விட்டு வெளியேறும் பதிவைப் போட்டுக்கொண்டு, அப்புறம் தாய்லாந்து பக்கம் நுழைவைப் போட வேண்டும். பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பது வசதி, ஆனால் அங்கேயும் இரண்டு வரிசைகள்தான். ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார் என்று ஒன்றை விட்டுவிட்டால் மலேசியாவின் கணக்கில் அந்த விருந்தினர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். அடுத்த வருடம் மகள் பிரசவத்துக்கு வரும்போது கணினி அதைக் காட்டும்.

விருந்தினர் நடுவில் சிங்கப்பூர் போய் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால்? அது பழைய வருகையின் தொடர்ச்சி அல்ல. ஒரு புறப்பாடு, பிறகு புதிய வருகை. எம்டாக்கும் மறுபடி போட வேண்டும். இந்தியக் கடப்பிதழுக்குச் சிங்கப்பூர் விசாவும் தனி, அவர்களுடைய வருகை அட்டையும் தனி. சபா, சரவாக் வேறு விதம். 1963இல் மலேசியா உருவானபோதே அந்த இரு மாநிலங்களும் தங்கள் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. பினாங்கிலிருந்து சரவாக்கின் கூச்சிங் போவது உள்நாட்டு விமானம்தானே என்று கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. அங்கே மறுபடி கவுண்டர், மறுபடி முத்திரை. தீபகற்பத்திலிருந்து போகும் நாமே அங்கே அடையாள அட்டையைக் காட்டித்தான் நுழைகிறோம்.

ஓர் அரசாங்கம் இத்தனையும் ஏன் கேட்கிறது என்று சிலருக்கு எரிச்சல் வரும். காலம் கடந்து தங்குபவர்களைக் கண்டறிவது ஒன்று. நோய்ப் பரவலில் யார் யாரோடு எந்த விமானத்தில் வந்தார் என்று தேடுவது இன்னொன்று. பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்த நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தித்தான் ஊருக்குள் விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வந்த தேதிக்கு ஒரு தாள் இருந்த குடும்பமும் இல்லாத குடும்பமும் இந்த நாட்டில் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தன. தாத்தா எப்போது வந்தார், அப்பா எங்கே பிறந்தார் என்று நிரூபிக்கத் தாள் இல்லாமல், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர்களை நம் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு மாதம் வந்துபோகும் விருந்தினரிடமும் தாளைப் பத்திரமாக வையுங்கள் என்று நச்சரிக்கிறேன்.

மற்ற நாடுகளிலும் காகிதம் போய்க் கணினி வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா விமான, கப்பல் பயணிகளுக்கான ஐ-94 அட்டையை 2013இல் மின்னியலாக்கியது. அங்கே விசாவில் உள்ள தேதியை விட இந்தப் பதிவில் உள்ள தேதிதான் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும், அதை இணையத்திலேயே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டன் 2019இல் வருகை அட்டையையே எடுத்துவிட்டது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபரில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் விரல் ரேகையும் கொண்ட பதிவைத் தொடங்கின. நமக்குப் பக்கத்தில் முக்கியமானது தாய்லாந்து: 2025 மே 1 முதல் அவர்களும் மின்னியல் வருகை அட்டை கேட்கிறார்கள். வார இறுதியில் ஹாட்யாய் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் பினாங்குக் குடும்பங்களுக்கும் அது உண்டு. அங்கே நாம்தான் வெளிநாட்டவர். அதுவும் இலவசம், அதுவும் முந்தைய 3 நாளுக்குள்.

விருந்தினர் கடப்பிதழைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காவல் நிலையத்தில் புகார். அதன் நகலோடு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகிப் புதிய ஆவணம் வாங்க வேண்டும். பலர் அதோடு நிறுத்திக்கொண்டு நேராக விமான நிலையம் போய்விடுகிறார்கள். புதிய ஆவணத்தில் நுழைவு முத்திரை கிடையாது, எண்ணும் வேறு. வருகைப் பதிவோ பழைய எண்ணில் திறந்தே கிடக்கிறது. குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், பழைய பதிவைப் புதிய ஆவணத்தோடு இணைத்து, வெளியேற அனுமதி வாங்கிய பிறகே டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். அப்போது படமும் முத்திரையும் உள்ள பக்கங்களின் நகல் ஒன்று வீட்டுக்காரர் கைப்பேசியில் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். விருந்தினர் வந்து இறங்கிய அன்றைக்கே, காபி கொடுக்கும் நேரத்திலேயே அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.